ஆனந்தமேரி டீச்சரின் மூன்று பீரியடுகள்

ஆனந்தமேரி டீச்சர் யானாமுக்கு விருப்பப்பட்டுப் போனார் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களிடம் சொல்லிவைக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிற யார் யானாமுக்கு விருப்பப்பட்டுப் போயிருக்கிறார்கள்? எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். இறங்கினால் தெலுங்கு. காரைக்கால் மாற்றல் வந்தால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம், மாஹே வந்தால் மழையாவது பார்க்கலாம் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கிண்டலடிப்போம். யானாமைப் பற்றி மட்டும் யாரும் கிண்டலடிப்பதில்லை.

அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் தாமரைச்செல்வி. அதே பள்ளியில் பதினோரு வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். டீச்சருடைய மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது பெருமைப்படுகிற பங்கு இல்லை.

டீச்சர் நெல்லித்தோப்பில் பிறந்தவர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், ஆலை மூடியபிறகு சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தவர். ஒன்பது வயதில் டீச்சருக்குப் புதுநன்மை கொடுத்தார்கள். முதல்முதலாக நற்கருணை வாங்குவதற்கு முன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது செய்த பாவங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது? அதனால் சிஸ்டர் ஒரு பட்டியலை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார். பொய் சொன்னேன், அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, பூசையில் பராக்குப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் போய் அதையே ஒப்பித்துவிட்டு வந்தன. மேரி மட்டும் முழங்காலில் நின்றுகொண்டு, "சாமி, சிஸ்டர் சொல்லிக் குடுத்ததுல நான் எதுவும் பண்ணல. கடையில ரெண்டு கமர்கட்டு எடுத்துட்டேன், அதுதான் பண்ணேன்" என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறது. சாமியார் சிரித்துவிட்டார். சிஸ்டர் வெளியே இழுத்து வந்து ஸ்கேலால் அடித்தார்.

ஐம்பத்து நான்கு வயதிலும் அதைச் சொல்லும்போது டீச்சருக்கு மூக்கு விடைக்கும். "திருடுனதுக்கு அடிச்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன் தாமரை. பட்டியல மாத்துனதுக்கு அடிச்சாங்க பாரு" என்பார்.

ஆள் அப்படித்தான். கோபக்காரி. சாக்பீஸ் உடைந்தாலும் கோபம், பிள்ளைகள் தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் இன்னும் கோபம். ஆனால் பக்தியில் குறை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குக் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையை அவர் சொல்வதைக் கேட்டால் ஏழாம் நாளில் நமக்கே ஓய்வெடுக்கத் தோன்றும். திங்கட்கிழமை காலையில் பத்தாம் வகுப்புக்கு வந்து உயிர்கள் எப்படிக் கோடிக்கணக்கான வருஷங்களில் மாறி மாறி வந்தன என்று நடத்துவார். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன், இது எப்படி ஒத்துப்போகிறது என்று.

"ஞாயித்துக்கெழம சொல்றது யாரு படைச்சாங்கன்னு. திங்கக்கெழம சொல்றது எப்படி வந்துச்சுன்னு. நீ ரெண்டையும் ஒரே கேள்வியா கேட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

பிறகு நாங்கள் சி.பி.எஸ்.இ.க்கு மாறினோம். முன்பு இருந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமம் ஒரு பாடமாக இருந்தது. புதிதாகக் கைக்கு வந்த புத்தகத்தில் அது இல்லை, மரபியலோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்கிறவர்களுக்கு மட்டும் உண்டு. எங்களில் பாதிப் பேர் ஒரு பாடம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். டீச்சர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், பிறகு மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"என் வகுப்புல முப்பத்தெட்டுப் புள்ளைங்க. முப்பது பத்தாவதோட அறிவியல விட்டுடும். ஐ.டி.ஐ. போவும், காமர்ஸ் போவும், சேதராப்பட்டு கம்பெனிக்குப் போவும். அதுங்க இத கேக்குற கடைசி எடம் இந்த ரூம்தான். இங்க சொல்லலைன்னா எங்க சொல்வாங்க?"

அந்த வருஷம் ஆகஸ்ட் வரை ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்டில் அறிவுமதி என்கிற பிள்ளை வகுப்புக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்தது. உள்ளங்கை அகலம், காவி நிறம், பார்க்க உடைந்த எலும்பு மாதிரி. சேதராப்பட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருவக்கரை இருக்கிறது. பௌர்ணமிக்கு அங்கே அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரைச் சுற்றிக் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. அம்மன் கொன்ற அசுரனுடைய எலும்புகள் என்று சொல்வார்கள். அறிவுமதியின் தாத்தா வயலில் கிடந்த துண்டு ஒன்றை எப்போதோ எடுத்துவந்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்.

"டீச்சர், இது நெசமாவே எலும்பா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறது.

டீச்சர் லென்ஸைக் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் அனுப்பினார். கூடவே விறகுக் கட்டை ஒன்றையும் சத்துணவுக் கூடத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். கட்டையில் இருக்கிற வளையமும் ரேகையும் கல்லிலும் இருந்தன. "டீச்சர், மரம்!" என்று அறிவுமதி கத்தியது எனக்குப் பக்கத்து வகுப்பில் கேட்டது. அதன்பிறகு முப்பத்தெட்டுப் பேரும் லென்ஸுக்கு அடித்துக்கொண்டார்கள். மரம் எப்படிக் கல்லாச்சு, எவ்வளவு நாளாச்சு, அப்போது மனுஷன் இருந்தானா, இல்லையென்றால் பிறகு எப்படி வந்தான். இரண்டு கோடி வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் என்றார் டீச்சர். அந்தக் கல்மரங்களில் சிலது நம் தெருப் புளியமரத்துக்குச் சொந்தம், ஆனால் அதே மரம் இல்லை என்றார். அந்தச் சொந்தத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நடத்த அவருக்கு மூன்று நாள், மூன்று பீரியடு ஆனது.

இதுவரை ஒரு வம்பும் இல்லை. புத்தகத்தில் இல்லாததை நாங்கள் எல்லோருமேதான் நடத்துகிறோம். ஆனால் அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைப் பதிவேடு உண்டு. எந்தப் பீரியடில் என்ன நடத்தினோம் என்று தினமும் எழுதவேண்டும், வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். அதில் எப்போதும் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுவோம். வகுப்பில் பாட்டுப் பாடியிருந்தாலும் 'இலக்கணம்' என்று எழுதியிருப்பேன் நான். அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

டீச்சர் மூன்று நாளும் எழுதினார்: 'பரிணாமம். புத்தகத்தில் இல்லை. நடத்தினேன்.'

நான் எதிர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினேன். "நடத்துங்க டீச்சர், யாரு வேணான்னா? எதுக்கு எழுதறீங்க?"

"நடத்துனேன், அதனால எழுதறேன்."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சிக்கட்டும்" என்று நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் அறிவுமதியின் அப்பா பலராமன் பத்துக் கையெழுத்தோடு ஒரு மனு எடுத்துக்கொண்டு வந்தார். பாடத்தில் இல்லாததை நடத்தி எங்கள் நம்பிக்கையைக் கெடுக்கிறார், தம் மதத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கிறார் என்று எழுதியிருந்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பங்குப் பேரவை உறுப்பினர் ஜெஸ்டின், டீச்சரை நிறுத்தி, வேதாகமத்துக்கு விரோதமாகப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிறவர் இங்கே ஞானோபதேசம் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறார். ஒரே பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவச்சி, கோயிலில் நாத்திகி. கேட்டு நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் முருகையன் சாருடைய அறையில் பலராமனையும் டீச்சரையும் உட்கார வைத்தார்கள். மனுவைப் படித்துக் காட்ட நான் போயிருந்தேன். பலராமன் மோசமான ஆள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஃபோர்மேன். ஷிஃப்ட் முடித்துவிட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"நான் படிக்காதவன் இல்ல டீச்சர். மாசாமாசம் பௌர்ணமிக்கு ஊட்லேர்ந்து நடந்தே போறவன். எங்க அப்பா மாடத்துல வச்ச கல்ல எம் பொண்ணு எடுத்துக் காட்டி, இது சும்மா மரம்ப்பான்னு சொல்லுது. எனக்கு எப்படி இருக்கும்?"

"கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர்.

"அப்ப ரெண்டையும் சொல்லுங்க. உங்க கதையையும் சொல்லுங்க, எங்க கதையையும் சொல்லுங்க. புள்ளைங்க எது புடிக்குதோ எடுத்துக்கட்டும். அதுதான நியாயம்?"

முருகையன் சாருடைய முகம் மலர்ந்தது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்திருப்பார். டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் கதை எது தெரியுமா உங்களுக்கு? ஆறு நாள் கதை. அத நான் வகுப்புல ஒரு தடவ சொன்னதில்ல. உங்க ஊட்ல ஒரு கதை, என் ஊட்ல ஒரு கதை, வகுப்புல இருக்கிற பாத்திமா ஊட்ல ஒரு கதை. எல்லாத்துக்கும் மரியாத உண்டு, எல்லாத்தையும் அவங்கவங்க ஊட்ல சொல்லுங்க. மாடத்துல இருக்கிற கல்ல நான் எடுத்துப் போடச் சொல்லல, கும்புடுங்க. ஆனா உங்க பொண்ணு என்கிட்ட கதை கேக்கல. இது எலும்பான்னு கேட்டுச்சு. லென்ஸக் குடுத்தேன், அதுவே பாத்துச்சு. பாத்தத இல்லன்னு நான் சொல்லணுமா?"

பலராமன் எழுந்தார். "நீங்க ரொம்பப் பேசறீங்க. நான் மேல போறேன்" என்றார். போகவும் செய்தார்.

மேலே போனால் விசாரணை வரும், மாற்றலும் வரும். டீச்சருக்கு எதிராக வேறு எந்தச் சாட்சியும் கிடையாது. பிள்ளைகள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அவர்கள் டீச்சர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். எழுத்தில் இருந்தது அந்த மூன்று வரி மட்டும்தான். முருகையன் சார் கெஞ்சினார். 'மரபியல், மீள்பார்வை' என்று மாற்றி எழுதிக் கொடுங்கள், இத்தோடு போய்விடும் என்றார். முடியாது என்று டீச்சர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். வீட்டில் மகள் லினெட்டுக்கு அந்த வருஷம் பிளஸ் டூ. கணவர் சகாயநாதன் இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் இரவில்தான் போவார். டீச்சர் ஊரைவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை தனியாக இருக்கும். அதை எல்லோரும் எடுத்துச் சொன்னோம். "தெரியும்" என்றார். தெரிந்தும் இப்படி இருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை முருகையன் சார் என்னைக் கூப்பிட்டார். டீச்சருடைய பதிவேட்டையும் புதிய நோட்டு ஒன்றையும் மேஜையில் வைத்தார்.

"உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். ஜூன்லேர்ந்து அப்படியே இறக்கிடுங்கம்மா. மூணு வரி மட்டும் மாத்துங்க. நான் வாரா வாரம் போட்ட கையெழுத்த திரும்பப் போட்டுடறேன். அந்தம்மாவக் காப்பாத்த வேற வழி இல்ல."

ஆய்வு வருகிறது என்றால் பதிவேட்டைப் புதிதாக எழுதி அடுக்குவது அரசுப் பள்ளியில் புதிய பழக்கமில்லை. நான் என்னுடையதை இரண்டு தடவை அப்படி எழுதியிருக்கிறேன். சரி என்று வாங்கிக்கொண்டு மூலக்குளத்தில் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை மீதிப் பொழுதும் ஞாயிறு முழுக்கவும் எழுதினேன். எழுத எழுத எனக்குக் கை கூசியது. மற்றவர்களுடைய பதிவேடு மாதிரி இல்லை அது. 'பாதிப் பீரியடு என் கோபத்தில் போனது.' 'இன்று சரியாக நடத்தவில்லை, நாளை மறுபடியும் நடத்த வேண்டும்.' 'வீராயி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன் என்று சொன்னேன்.' அடுத்த வாரத்தில், 'வீராயிக்குப் பதில் சொன்னேன்.' எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் இறக்கினேன். ஆகஸ்டுக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேனாவை மூடிவைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். பிறகு மூன்று இடத்திலும் 'மரபியல், மீள்பார்வை' என்று எழுதினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை விசாரணைக்குக் கல்வித் துறை அதிகாரி வந்தார். முருகையன் சார் புதிய நோட்டை அவர் முன்னால் வைத்தார். அவர் ஆகஸ்டைப் புரட்டினார், படித்தார், மூச்சை விட்டார். அவருக்கும் வம்பு வேண்டியிருக்கவில்லை.

"மீள்பார்வைன்னுதான இருக்கு? பின்ன எதுக்கு இவ்வளவு ரகளை? ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, நான் கெளம்பறேன்" என்று நோட்டை டீச்சர் பக்கம் திருப்பினார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். நான் பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இது என் நோட்டு இல்ல சார்."

"உங்க பேருதான் போட்டிருக்கு."

"பேரு என்னோடது. எழுத்து என்னோடது இல்ல."

முருகையன் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூன்று மீள்பார்வையையும் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'பரிணாமம். புத்தகத்தில் இல்லை. நடத்தினேன்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். நிதானமாக, மூன்று தடவை.

அதிகாரி, "யார் எழுதுனது இது?" என்று நோட்டைத் தட்டினார்.

"என்னப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அடுத்தவங்களப் பத்தி அடுத்தவங்களக் கேளுங்க."

"அம்மா, பிடிவாதம் பிடிக்காதீங்க. யானாமுல ஒரு எடம் காலியா இருக்கு. உங்களுக்குப் பொண்ணு பிளஸ் டூன்னு கேள்விப்பட்டேன்."

டீச்சருடைய கண் கலங்கியது. நான் பார்த்தேன். ஆனால் குரல் கலங்கவில்லை.

"யானாமுலயும் பத்தாங்கிளாஸ் இருக்கு இல்ல சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார்.

நான் பின்னால் ஓடினேன். வராந்தாவில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிடித்துவிட்டேன். "உங்களுக்காகத்தான் டீச்சர், லினெட்டுக்காகத்தான்" என்று என்னவோ உளறினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்காகன்னா என் பக்கத்துல வந்து நின்னிருக்கணும் தாமரை. ஊட்ல உக்காந்து என் பேர்ல எழுதியிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்கு மணி அடித்தது, போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் வீடு இருக்கிறது, யானாம் எனக்கும் யானாம்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது, வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு கல்லைக் கல்மரம் என்று சொன்னதற்கு ஒரு பொம்பளையை ஊரைவிட்டு அனுப்புவார்களாம், அவர் நடத்தியதையே இல்லையென்றாக்க என் கையெழுத்தும் உதவுமாம். திரும்பி நடந்தேன். அதிகாரி பையை மூடிக்கொண்டிருந்தார். முருகையன் சார் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"அந்த மீள்பார்வைய எழுதுனது நான் சார். அது பொய். அந்த மூணு நாளும் பக்கத்து வகுப்புல நின்னு கேட்டேன், அவங்க பரிணாமந்தான் நடத்துனாங்க, ரொம்ப நல்லா நடத்துனாங்க. ரெண்டையும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."